குடை பிடிக்கும் குழாய்

1

இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. வாஷர் வாங்கப் போனேன். வில்லியனூர் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் நிஜாமுதீன் பாயின் ஹார்டுவேர் கடை. வைகாசி வெயில். கையில் குடை வைத்திருந்தேன். கடை வாசலில் நின்ற ஒரு அம்மாள், ஐம்பத்தெட்டு வயது இருக்கும், என் முகத்தைப் பார்க்கவில்லை. குடையைத்தான் பார்த்தார்.

“சார், அத்தக் கொஞ்சம் குடுங்க. பாத்துட்டுத் தரேன்.”

கொடுத்தேன். அவர் அதை மடக்கி, நேரான பிடியை ஒரு பிவிசி பைப்புக்குள் விட்டு ஆட்டிப் பார்த்தார். பிறகு பாயிடம் திரும்பி, “நான் சொல்லல? வளைஞ்ச பிடின்னா நுழையாது. இந்த மாதிரி நேர்ப்பிடிதான் வேணும்” என்றார். குடை என்னிடம் திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. வாஷர் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று இரவே எழுத உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவரை மாதா கோயில் வாசலில் பார்த்து, விசாரித்து, வீடு வரை போய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பிறகுதான் எழுதினேன். முதல் வரி இப்படி வந்தது:

வெயில் என்பது எளியவர்களின் தலையில் மட்டுமே—

அடித்துவிட்டேன். அந்த அம்மாளை, இன்பமேரியை, எளியவர் என்று சொல்ல நான் யார்? அடுத்து இப்படி:

பிடிக்க ஆளில்லாத ஒரு குடை, தானாக வில்லியனூர் தெருவில் போய்க்கொண்டிருந்தது.

இது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். இன்பமேரியிடம் படித்தும் காட்டினேன். “தானா எங்க சார் போச்சு? அவுருல்ல தள்ளிக்கினு போனாரு” என்றார்.

அதுவும் சரிதான். தள்ளிக்கொண்டு போகிறவரை விட்டுவிட்டுக் குடையை மட்டும் பார்ப்பது என் போன்றவர்களுக்கு உள்ள வியாதி. ஆகவே அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

2

இன்பமேரியின் கணவர் தனிஸ்லாஸ். அறுபத்து நான்கு வயது, ஆறடி உயரம். பஞ்சாலை ஒன்றில் பஞ்சைச் சிக்கெடுக்கும் பகுதியில் இருபத்தேழு வருடம் வேலை செய்தவர். (எந்த ஆலை என்பது வேண்டாம். அது மூடி எவ்வளவோ காலமாகிறது.) நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போய், இரண்டு வருடமாக மூக்கில் மெல்லிய குழாயும் பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டரும்தான் வாழ்க்கை. ஒரு வாக்கியம் பேசினால் ஒரு முறை மூச்சு வாங்க வேண்டும். அதனால் பேச்சைச் சுருக்கிக்கொண்டார். “தண்ணி.” “ஃபேன்.” “போதும்.”

டாக்டர் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: தினமும் இருபது நிமிடம் நடக்க வேண்டும், சிலிண்டரோடு. நடப்பதை விட்டால் கால் போகும், கால் போனால் மற்றதும் போகும்.

விடியற்காலையில் நடக்க முடியாது. அவருடைய இருமல் ஓய எட்டரை ஆகிவிடும். சாயங்காலம் பாதம் வீங்கிக்கொள்ளும். மிச்சமிருப்பது காலை ஒன்பது மணி. அந்த நேரத்தில் ரயில்வே கேட் வரைக்கும் போகும் சாலையில் நிழல் என்று எதுவும் கிடையாது. சாலையை அகலப்படுத்தியபோது மரங்களை எடுத்துவிட்டார்கள். வெயில் முகத்தில் பட்டால் அவருக்கு மூச்சு இழுக்கும்.

ஆக, இன்பமேரி இடது தோளில் பையில் சிலிண்டர், வலது கையில் குடை என்று அவர் பக்கத்தில் நடந்தார். அப்படித்தான் பிரிட்டோ ஒரு நாள் பார்த்தார்.

பிரிட்டோ, தனிஸ்லாஸின் சித்தப்பா மகன். பிரான்சில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் இருபத்திரண்டு வருடம் புல் வெட்டும் மெஷின் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். வரும்போது கண்டெய்னரில் வந்த சாமான்களோடு ஒரு கோல்ஃப் டிராலியும் வந்தது. அங்கே யாரோ வேண்டாமென்று விட்டுப்போனதாம். ஏன் கொண்டுவந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. மறுநாள் அதை இவர்கள் வீட்டு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.*

“அண்ணி, இனிமே தோள்ல தூக்காதீங்க. இதுல வச்சு அண்ணனே தள்ளட்டும்.”

மட்டைப் பை நிற்கும் இடத்தில் சிலிண்டர் அளவெடுத்தது போல் நின்றது. தனிஸ்லாஸ் இரண்டு அடி தள்ளிப் பார்த்தார். கைக்கு ஒரு பிடிமானம் கிடைத்ததில் முதுகு நிமிர்ந்தது. “நல்லாக்கீது” என்றார். பிரிட்டோவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

* கோல்ஃப் தெரியாதவர்களுக்கு: மட்டைப் பையை வைத்து முன்னால் தள்ளிக்கொண்டு போகும் மூன்று சக்கர வண்டி. பிள்ளையைத் தள்ளும் வண்டி போலவே இருக்கும். எனக்கும் கோல்ஃபில் இவ்வளவுதான் தெரியும்.

3

சிலிண்டர் தோளை விட்டு இறங்கியது. குடை கையை விட்டு இறங்கவில்லை.

இன்பமேரி அவர் நெஞ்சு உயரத்துக்குத்தான் இருப்பார். ஆறடி மனிதருக்குக் குடை பிடிக்க வேண்டுமானால் கையை நன்றாக உயர்த்த வேண்டும். எட்டு மாதம் அப்படிப் பிடித்ததில் வலது தோள் இறுகிக்கொண்டது. சுகாதார நிலையத்துக்குத் தனியாகப் போய்க் காட்டினார். இனிமேல் அந்தக் கையைத் தூக்கிக் குடை பிடிக்கக் கூடாது என்றார்கள். வீட்டில் சொல்லவில்லை.

[இந்த இடத்தில் நான் இன்பமேரியைச் சந்தேகித்தேன். தோள் வலியை மறைத்துக் குடை பிடிக்கும் மனைவி. இப்படிப்பட்ட பெண்களை ஆண்கள் நிறைய எழுதியாயிற்று. நானும் அரைப் பக்கம் தியாகம் எழுதினேன். நல்ல வேளை, கிழித்துவிட்டேன். அவரிடம் நேராகவே கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. “சொன்னா நடக்க மாட்டாரு சார். நடக்கலன்னா நான் இன்னா பண்றது?” என்றார். அதில் தியாகம் எதுவும் இல்லை. அவருக்குத் தன் கணவர் வேண்டும், அவ்வளவுதான்.]

குடையை இடது கைக்கு மாற்றினார். இடது கைக்குப் பழக்கமில்லை, குடை சாய்ந்தது. “கொடை சின்னது, அதான்” என்று சமாளித்தார். ஒரு நாள் எதிரே வந்த பஸ்ஸின் காற்றில் குடை திரும்பி, அதன் கம்பி மூக்குக் குழாயில் மாட்டி இழுத்துவிட்டது. நடுச் சாலையில் தனிஸ்லாஸ் டிராலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இன்பமேரி குழாயை எடுத்து மாட்டி, அவர் நிதானத்துக்கு வருவதற்குள் இரண்டு பஸ் கடந்துபோனது.

“வேணாம் மேரி” என்றார் அவர். மூச்சு வாங்கினார். “நீ படுற பாடு. நாளைலேர்ந்து வேணாம்.”

ஆறு நாள் அவர் நடக்கவில்லை. ஏழாம் நாள், வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் இளவரசி வழக்கம்போல வந்து, ஆக்ஸிஜன் அளவு காட்டும் மெஷினை விரலில் மாட்டிப் பார்த்தார். “தொண்ணூத்தி மூணு இருந்துச்சு. இப்ப எண்பத்தெட்டு. நடக்கறத வுட்டுட்டீங்களா?”

தனிஸ்லாஸ் சுவரைப் பார்த்தார். இன்பமேரி நர்ஸுக்குக் காபி போட உள்ளே போனார். காபி போடும்போதுதான், இனி வண்டியே குடை பிடிக்கட்டும் என்று முடிவு செய்தாராம்.

4

செய்த விதத்தைச் சொல்கிறேன். அவசரப்படுகிறவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் இதை எழுதத்தான் எனக்கு மிகவும் ஆசை.

முதலில் பிரிட்டோவிடம் கேட்டார். “அங்கல்லாம் வண்டியில கொடை வைக்க ஏதாவது இருக்குமா?”

“இருக்கும் அண்ணி. பராப்ளூயி ஸ்டாண்டுன்னு தனியா விப்பான்.”

“இன்னாது அது?”

“பராப்ளூயின்னா கொடைதான். இந்த வண்டியில இருந்தது ஒடஞ்சிடுச்சு. இங்க எங்க கெடைக்கும்?”

கிடைக்காது என்றால் செய்ய வேண்டியதுதான். பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து, குடையை டிராலிக் கைப்பிடியில் வரிந்து கட்டினார். நடுத்தெருவில் முதல் காற்றுக்கே குடை பம்பரமாகச் சுழன்றது. அப்புறம் ஒரு பைப் துண்டைக் கட்டி அதில் குடையை நிறுத்தப் பார்த்தார். வளைந்த பிடி உள்ளே போகவில்லை. அந்தத் துண்டோடுதான் பாய் கடைக்கு வந்திருந்தார். அங்கேதான் என் குடை அகப்பட்டது.

அந்த அரை மணி நேரத்தில் நான் பார்த்தது இது. நிஜாமுதீன் பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்து தரையில் குந்திவிட்டார். ஒரு சாண் நீளத்துக்குப் பைப்பை அறுத்தார். அடியில் மூடி போட்டு, மழைத் தண்ணீர் தங்காமல் இருக்க மூடியில் ஓட்டை போட்டார். பக்கவாட்டில் இன்னொரு ஓட்டை. அதில் கையாலேயே முறுக்கிக்கொள்ளும் திருகு. பிடி உள்ளே போனதும் திருகினால் குடை சுழலாது. மோட்டார் ஓஸுக்கு மாட்டும் கிளிப் இரண்டு எடுத்து வைத்தார், டிராலியோடு சேர்த்து இறுக்க. வழுக்காமல் இருக்க நடுவே சைக்கிள் டியூப் வைப்பது இன்பமேரியின் யோசனை.

“சரி யக்கா, முடிஞ்சிது” என்றார் பாய்.

“முடியல பாய். போறப்ப வெயிலு மூஞ்சியில அடிக்கும். வர்றப்ப முதுகுல. கொடை நேரா நின்னா இன்னாத்துக்கு ஆவும்?”

பாய் தாடையைச் சொறிந்தார். பிறகு எழுந்துபோய் ஒரு எல்போ எடுத்து வந்தார், பைப்புகளை இணைக்கும் துண்டு, அரை வளைவு வளைந்தது. குழாய்க்கும் கிளிப்புக்கும் நடுவே அதைச் செருகினார். பசை போட டப்பாவைத் திறந்தவரை இன்பமேரி தடுத்தார். “கம் போடாத பாய். கம் போட்டா எப்படித் திருப்புறது?”

பாய் டப்பாவை மூடினார். “நீங்க கடையில வந்து குந்துங்க யக்கா. நான் வூட்டுக்குப் போறேன்.”

எல்லாம் சரியாக வந்ததா என்று பார்க்க, குடையை மேலே பிடிக்கச் சொன்னார் பாய். இன்பமேரியின் கை நெஞ்சுக்கு மேல் எழும்பவில்லை. முகம் சுருங்கியது. பாய் ஒன்றும் கேட்காமல் குடையை வாங்கித் தானே பிடித்தார். நானும் பார்த்தேன். நானும் கேட்கவில்லை.

நேர்ப்பிடியுள்ள நீலக் குடை ஒன்று வாங்கினார். அடுத்த மூன்று நாள் காலை ஒன்பது மணிக்கு, சிலிண்டருக்குப் பதில் பத்து லிட்டர் தண்ணீர் கேனை டிராலியில் வைத்து, நீலக் குடையை விரித்து, இன்பமேரி தனியாக அந்தச் சாலையில் போய் வந்தார். கணவரிடம் ரேஷன் கடை என்று சொன்னாராம். முதல் நாள் வெறும் வண்டியோடு கிளம்பி, பஸ் காற்றில் அது கவிழ்ந்த பிறகு, திரும்பி வந்து வைத்த கேன் அது. தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். தண்ணீர் கேனுக்கு எதற்கு நிழல் என்று பக்கத்து வீட்டு மணியம்மாள் கேட்டாளாம். “அதுக்கும் சுடும்ல” என்று இவர் சொன்னாராம்.

(இந்தக் கடைசி இரண்டு வரியையும் நான் கற்பனை செய்ததாக ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை.)

5

நான்காம் நாள் டிராலியைக் கணவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

“யாரு செஞ்சது?”

“பாய் கடையில விக்கிறான்.”

பொய்தான். தான் செய்ததாகச் சொன்னால் ஏன் என்று கேட்பார். கேள்வி தோளில் வந்து நிற்கும்.

தனிஸ்லாஸ் எல்போவைத் திருப்பினார். குடை முன்னால் சாய்ந்தது. திருப்பினார். பின்னால் சாய்ந்தது. மேலும் இரண்டு முறை திருப்பினார். “கெட்டிக்காரன்” என்றார், பாயை நினைத்து. செருப்பை மாட்டிக்கொண்டார்.

அன்று கேட் வரை போய்த் திரும்பினார்கள். மறுநாளும். மூன்றாம் நாள் வாசலிலேயே நின்று, “நீ இரு. நான் போறேன்” என்றார்.

இரண்டு வருடத்தில் அவர் தனியாக வீட்டை விட்டு இறங்கியது அன்றுதான்.

இங்கே நான் நன்றாக எழுதியதாக நினைத்த ஒரு பத்தி இருந்தது. ‘வெறுமையான கைகளோடு அவள் வாசலில் நின்றாள், தன் இடத்தை ஒரு பிளாஸ்டிக் குழாய் எடுத்துக்கொண்டதை—’ என்று. அதை இன்பமேரிக்குப் படித்துக் காட்டியதும் சிரித்துவிட்டார். “கொழாய் மேல நான் இன்னாத்துக்கு சார் பொறாமைப்படப்போறேன்? அன்னிக்குத்தான் ரெண்டு வருஷத்துல மொத மொறையா சூடா ஒரு டீ போட்டுக் குந்திக் குடிச்சேன். அத்த எழுதுங்க.”

எழுதிவிட்டேன்.

6

டீ குடித்து முடித்தார். ஒன்பதே கால். தம்ளரைக் கழுவினார். ஒன்பதரை. அவர் திரும்பியிருக்க வேண்டும். வாசலுக்கு வந்து பார்த்தார். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் அன்று சிலிண்டரை மாற்றவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அளவு காட்டும் முள் அவர் கிளம்பும்போதே பாதியில் இருந்தது. பாதி என்றால் ஒரு மணி நேரம்.

கட்டிய புடவையோடு ஓடினார். சாலையில் நீலக் குடை எங்கும் இல்லை. கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று, போவதா வேண்டாமா என்பது போல ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில், அந்தப் பக்கம், நீலக் குடை தெரிந்தது.

அடுத்த இடைவெளியில் டிராலி தெரிந்தது.

அதற்கடுத்த இடைவெளியில், டிராலியில் சிலிண்டர் இல்லை என்பது தெரிந்தது. குடைக்குக் கீழே ஆளும் இல்லை.

யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தாராம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் சிலிண்டரையும் எடுத்திருப்பார்கள், ஆகவே உயிர் இருக்கிறது என்று அடுத்த பெட்டிக்குள் நினைத்தாராம். அதற்கடுத்த பெட்டிக்கு, தனியாக அனுப்பியது தான்தானே என்று. குழாய் செய்து கொடுத்ததே தான்தானே என்று. எத்தனை பெட்டி என்று கேட்டேன். “எண்ணுற நெலமையிலயா இருந்தேன்?” என்றார். (ரயில் வந்ததைக் கதைக்காகச் சேர்த்தேன் என்று நினைப்பீர்கள். வில்லியனூர்க்காரர்கள் நினைக்க மாட்டார்கள்.)

கேட் தூக்கியதும் பைக்குகளுக்கு நடுவே புகுந்து ஓடினார். டிராலி நின்றது நிஜாமுதீன் பாயின் கடை வாசலில். உள்ளே ஃபேனுக்கு நேர் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில், தனிஸ்லாஸ் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சிலிண்டர். கடைப் படி உயரம் என்பதால் பாய்தான் ஆளையும் சிலிண்டரையும் உள்ளே ஏற்றியிருக்கிறார். குடையை வெளியிலேயே விட்டுவிட்டார்.

பாய்க்கு நன்றி சொல்ல அவ்வளவு தூரம் போயிருக்கிறார் தனிஸ்லாஸ். டாக்டர் சொன்ன அளவைத் தாண்டி, கேட்டைத் தாண்டி. “ரொம்ப நன்றி பாய். நல்லா செஞ்சிக்கிறீங்க” என்று இரண்டு மூச்சில் சொல்லியிருக்கிறார்.

பாய் திகைத்துப்போனார். “எனக்கு எதுக்குண்ணே நன்றி? நான் பைப்பு அறுத்துக் குடுத்தேன். செஞ்சது யக்கா. தோளத் தூக்க முடியாம அத்தினி நேரம் நின்னு செஞ்சாங்க.”

அதற்குப் பிறகு தனிஸ்லாஸ் எழுந்திருக்கவில்லை. மூச்சு வாங்கியதால் அல்ல என்கிறார் பாய்.

இன்பமேரி படியேறி உள்ளே வந்து முதலில் முள்ளைப் பார்த்தார். சிவப்பைத் தொட்டிருந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். அவரோ இவர் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கையத் தூக்கு” என்றார்.

“இன்னாங்க, வூட்டுக்கு—”

“தூக்கு மேரி.”

தூக்கினார். நெஞ்சு வரைக்கும் வந்து கை நின்றது. தனிஸ்லாஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாய் திரும்பி, ஆணி டப்பாக்களை எதற்கோ வரிசை மாற்றி அடுக்க ஆரம்பித்தார்.

7

பின்னால் நடந்தவை: அன்றே பிரிட்டோ வேறு சிலிண்டரோடு ஸ்கூட்டரில் கடைக்கு வந்து சேர்ந்தார். இன்பமேரி இப்போது தோளுக்குப் பயிற்சிக்குப் போகிறார். வீட்டிலும் தினமும் சுவரோரம் நின்று விரல்களை எறும்பு போல மேலே ஏற்ற வேண்டும். தனிஸ்லாஸ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுகிறார். “இன்னும்” என்பார். கொஞ்சம் பொறுத்து, “இன்னும்.” நான் போனபோது கோடுகள் காலண்டரின் அடி வரைக்கும் வந்திருந்தன. மெஷினில் தொண்ணூற்றிரண்டு காட்டுவதாக இளவரசி சொன்னார்.

முடிவு என்று ஒன்று வைக்க வேண்டும். நோயை நினைத்தால் ஒரு முடிவு தெரியும். அது என்னுடையதும் உங்களுடையதும்கூட. அதை இங்கே எழுத மாட்டேன்.

நான் எழுத நினைத்தது வேறு. கடையிலிருந்து திரும்பிய அந்தக் காலை, கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்ததும், தனிஸ்லாஸ் வண்டியை நிறுத்தி மனைவியிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். இன்பமேரி இதுவரைக்கும்தான் சொன்னார்.

“என்ன சொன்னார்?” என்று கேட்டேன்.

“அது எனக்குச் சொன்னது சார்.”

விடவில்லை. நானே மூன்று வாக்கியம் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒன்றில் மன்னிப்புக் கேட்டார். ஒன்றில் கோபித்துக்கொண்டார். ஒன்றில் எதுவும் சொல்லாமல் குடையை இவர் பக்கம் திருப்பினார்; எனக்கு அதுதான் பிடித்திருந்தது. இன்பமேரி மூன்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“இல்ல சார். இதுங்கள்லாம் ரொம்பச் சின்னது. அவுரு நெறையச் சொன்னாரு. நின்னு நின்னு, மூச்சு வாங்கி வாங்கி, மூணு பஸ்ஸு போற வரைக்கும் சொன்னாரு.”

ஆகவே அந்த இடத்தை நிரப்பாமல் விடுகிறேன். எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் காலியாகக் கிடக்கிற ஒரு பத்தியை வீணாக்கவும் மனமில்லை. உங்களுக்காகக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஒருவர் இருப்பார். அவரிடம் சொல்ல வேண்டியதை இங்கே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், நீளமாகவே எழுதுங்கள். தனிஸ்லாஸுக்கு இருக்கிற மூச்சுத் தட்டுப்பாடு உங்களுக்கு இல்லை.